ஒரே பாத்திரத்தில்

இந்தச் சபையில் பாதிப் பேருடைய வாய்க்குள் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பிழைப்பு அது. பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா குடைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவள் நான். அதனால் ஐயர், எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், பீடத்துக்கு முன்னால் வந்து நின்று கையை விரித்து எல்லாரையும் திருவிருந்துக்கு அழைத்ததும், முன்வரிசைக்காரர்கள் எழும்பிப் போய்ப் பீடத்தடி மரக் கிராதிக்கு முன்னால் முழங்கால் போட்டதும், எனக்கு யாருடைய முகமும் தெரியவில்லை, வாய்தான் தெரிந்தது. ஓரத்தில் நிமிர்ந்து இருக்கிறாரே அந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், அவருக்குக் கீழ் ஈறு முழுக்கக் கழன்று கிடக்கிறது, அமுக்கினால் சீழ் வரும், நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி மூக்கில் ஏறும். அவருக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டுச்சேலை, தலைமையாசிரியையாக இருந்தவர், கட்டிய பல்லைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபோது அதன் அடியில் நேற்றைய சாப்பாடும் முந்தாநாள் சாப்பாடும் பசைபோலப் படிந்திருந்தது. அவருக்கும் அடுத்தவன் புதுமாப்பிள்ளை, பொட்டலப் பாக்கை ஒதுக்கி ஒதுக்கிக் கன்னத்தின் உட்தோல் வெள்ளையாய்த் தடித்துப் போயிருக்கிறது, பெண் வீட்டாருக்கு இன்னும் தெரியாது. இத்தனை வாய்க்கும், ஆண்டவருடைய இரத்தம் என்று கொடுக்கிற திராட்சரசம் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில். ஐயர் ஒருவர் உதட்டில் வைத்துச் சாய்ப்பார், எடுப்பார், கையிலிருக்கிற வெள்ளைத் துணியால் விளிம்பை ஒரு துடை துடைப்பார், இம்மி திருப்புவார், அடுத்த வாய். அதே துணி. துடைக்கிறாரா பூசுகிறாரா என்று கேட்கத் தோன்றும். கொரோனா வந்து போன பிறகு எத்தனையோ சபைகளில் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் என்று ஆகிவிட்டது, இங்கே கமிட்டிக்காரர்கள் விடவில்லை, வழக்கத்தை மாற்றக் கூடாதாம். எனக்கு ஒரு வித்தை தெரியும். மேலுதட்டால் விளிம்பை மூடிக்கொண்டு தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் குடித்த மாதிரியே இருக்கும், ஒரு சொட்டு உள்ளே போகாது. பல மாதமாக அப்படித்தான். ஆண்டவருடைய இரத்தத்தை மேலுதட்டால் தடுத்து நிறுத்திவிட்டு, எழும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வேன்.

அப்புறம் எதற்கு வருகிறாய் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். ஆச்சரியப்படுவதற்கு வருகிறேன். பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்து, திருவிருந்து வாங்கத் தகுதியாகி, முதல் தடவை இதே கிராதியில் முழங்கால் போட்டபோது திராட்சரசம் தொண்டையில் சூடாக இறங்கியது. அது எங்கே போகிறது என்று உள்ளுக்குள்ளேயே கவனித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் கலந்துவிடும் என்று பயம். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என் வயிற்றுக்குள் இருக்கிறார், நான் ரேஷன் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், கடை வாசலில் மண்ணெண்ணெய் வரிசையில் சண்டை நடக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்ததும் கை முடியெல்லாம் நட்டமாக நின்றது. அந்த ஒரு நாள்தான். அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளை, ஆஸ்பத்திரி, கன்வென்ஷன் கூட்டங்கள், உபவாச ஜெபம், எதிலும் அது திரும்ப வரவில்லை. வரவில்லை என்று வெளியே சொல்லவும் முடியாது, எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முகத்தை மலர்த்திக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் வாரா வாரம் வருகிறதோ என்னவோ. எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பெஞ்சிலிருந்து எழும்பிக் கிராதிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் ஆண்டவரை மட்டும் நினைக்கவேண்டும். கொஞ்ச தூரம்தான், குழந்தைகூடத் தவழ்ந்து போய்விடும். ஒரு தடவைகூட முடிந்ததில்லை. இயேசுவே என்று ஆரம்பிப்பேன், உம்முடைய அன்பு என்பேன், அந்த வார்த்தை வாயில் வந்ததும் சவசவ என்று ஆகிவிடும், மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி. அதற்குள் மட்டனில் உப்புப் போட்டோமா என்று வந்துவிடும்.

மட்டன். கைப்பைக்குள் போன் அதிர்கிறது, எடுத்துப் பார்க்காமலே தெரியும், என் வீட்டுக்காரர். விடியற்காலை ஆராதனைக்கே போய்விட்டு வந்து இப்போது குக்கருக்குக் காவல் இருக்கிறார். எத்தனை விசில் என்று கேட்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை விசில் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பாருங்கள், முன்னால் ஆண்டவருடைய மாம்சத்தைப் பிட்டுக் கொடுக்கிறார்கள், நான் ஆட்டுக்கறி வெந்ததா என்று யோசிக்கிறேன். எனக்கு முன் பெஞ்சில் இருக்கிற பெண் பாட்டுப்புத்தகத்துக்குள் போனை வைத்து நைட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள், விரலால் தள்ளத் தள்ள நைட்டி, நைட்டி, பூப்போட்ட நைட்டி. எனக்கு அவள் கழுத்துமேல் கோபம் வந்தது, மல்லிகைப்பூவுக்குக் கீழே வேர்வையில் பவுடர் கட்டி கட்டியாய் நிற்கிறது. பிறகு அந்தக் கோபத்தின்மேலேயே அருவருப்பு வந்தது, நான் மட்டும் என்ன யோக்கியம், அவள் நைட்டியை நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது நல்லாயிருந்தது. பீடத்துக்கு இரண்டு பக்கமும் புதிதாக மாட்டியிருக்கிற பெரிய திரையில் நாங்களே தெரிகிறோம், லைவ், குவைத்திலும் கத்தாரிலும் இருக்கிற சபைப் பிள்ளைகளுக்காக. முழங்காலில் இருக்கிறவர்களின் பின்பக்கங்கள் வரிசையாகத் திரையில். கேமரா திரும்பும்போது பட்டுச்சேலைக்காரிகள் முகத்தைச் சரிசெய்கிறார்கள். ஆராதனை தொடங்குமுன் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார், அவருக்கு மேலதிகாரியாக வரவேண்டியவருக்கு நெஞ்சுவலி வந்ததாம், அந்த இடம் இவருக்குக் கிடைத்ததாம், தேவன் எவ்வளவு நல்லவர். கைதட்டினார்கள். எனக்குக் குமட்டியது. இப்படி ஒரு கேவலமான ஆளாகவா அவரை வைத்திருக்கிறோம், ஆள் பார்த்து நெஞ்சுவலி கொடுக்கிறவராக, இடமாறுதல் வாங்கித் தருகிறவராக. ஜெபக்குழு வாட்ஸப்பில் விடியும் முன்னால் ரோஜாப்பூவும் வசனமும் பறக்கும் புறாவும், அதற்குக் கீழே ஆமென் ஆமென் ஆமென், இடையில் ஒருத்தி தவறுதலாக அனுப்பிய இடியாப்பப் படம், அதற்கும் ஆமென். நானும் ஆமென் போட்டேன். பார்க்காமலே போட்டேன்.

எங்கள் வரிசை எழும்பியது. இயேசுவே. செருப்பைப் பெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டு நடந்தேன். மழைக்காலம், தரை பிசுபிசு என்று இருந்தது, எனக்கு முன்னால் போனவர்களின் ஈரப் பாதம் ஒவ்வொன்றும் அச்சாகத் தெரிந்தது, பித்தவெடிப்போடு, நடுவில் குழிவோடு, அதன்மேல் என் பாதத்தை வைத்து நடக்கவேண்டியிருந்தது. இயேசுவே, நீர் தண்ணீர்மேல் நடந்தீர். பிடித்துக்கொண்டேன், நன்றாக இருந்தது, அலை, இருட்டு, காற்று, அவர் பாதத்துக்குக் கீழே தண்ணீர் எப்படி இருந்திருக்கும், மெத்தென்றா, கூரையில் வௌவால் கீச்சிட்டது, மேலே பார்த்தேன், தூணில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக வௌவால் எச்சம், போன வருஷம்தான் பெயிண்ட் அடித்தார்கள், போயிற்று. கிராதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முழங்கால் போடுகிற மெத்தை இத்தனை பேருடைய உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பஸ்ஸில் ஒருவர் எழும்பியவுடன் அதே சீட்டில் உட்காருகிற சூடு. அப்போது என் இடது பக்கம் ஒரு சேலை வந்து மடங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தமும் விக்ஸ் வாசனையும் போதும், என் தங்கச்சி கெத்சியா. மார்கழி வந்தால் அவளுக்குச் சளி பிடித்துவிடும், சின்ன வயதிலிருந்தே. என் முகத்தில் முழிக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக விடியற்காலை ஆராதனைக்குப் போகிறவள், இன்றைக்கு ஏன் இதற்கு வந்தாள். வந்ததுதான் வந்தாள், இந்த நீளக் கிராதியில் இடமே இல்லையா. பாத்திரம் இடமிருந்து வலம் வரும். அவள் குடித்துவிட்டுத்தான் எனக்கு.

அவள் செய்தது என்ன என்று சொன்னால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. என் மகள் அக்சாவுக்குச் சின்னதில் வலிப்பு வரும். மாத்திரையில் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. நாசரேத்தில் ஒரு நல்ல இடம் கூடிவந்தது, பையன் தங்கமான பையன், பூ வைக்க நாள் பார்த்தாயிற்று, நாள் பார்த்த பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு போன், வேண்டாம் என்று. விசாரித்தால் கெத்சியாவிடம் கேட்டிருக்கிறார்கள், அவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "நீ சொன்னியாட்டி?" என்றேன். "ஆமா, கேட்டாவ, சொன்னேன்" என்றாள், ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே. "மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கு மாமியா வீட்டுல விழுந்தான்னா என்னக்கா பண்ணுவ? நீயா அங்க போய் நிப்ப?" "நான் எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லியிருப்பேன்" என்றேன். "எப்ப, பிள்ள பெத்தப் பொறவா?" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னால் செரிக்க முடியவில்லை, பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, நீதிமான்களின் முகத்தில் இருக்குமே, அந்த மினுக்கம், சாட்சி சொன்னவர் முகத்தில் இன்றைக்கு இருந்த அதே மினுக்கம், அதைப் பார்த்ததும் என் நாக்கின் அடியில் கசப்பாய் ஊறியது, அவள் வாசலில் துப்பிவிட்டு வந்தேன். உண்மையாகவே துப்பினேன். அக்சா இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், சித்தியோடு வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறாளாம். "எனக்கே கோவம் இல்லம்மா, உனக்கு எதுக்கு?" என்று கேட்கிறாள். கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது, அடியில் தங்கியது இதுதான், இந்தக் குமட்டல். அவள் பேர் கேட்டால் குமட்டல், விக்ஸ் வாசனைக்குக் குமட்டல், அவள் மேலே தூக்கிப் பாடுகிற சோப்ரானோ குரலுக்குக் குமட்டல். சில சமயம் எனக்கே பயமாக இருக்கும், எனக்குள் உயிரோடு மிச்சம் இருக்கிறது இந்த ஒன்றுதானோ, மற்றதெல்லாம் செத்துப்போய் இது மட்டும் பல் வேர்மாதிரி உள்ளே துடித்துக்கொண்டிருக்கிறதோ என்று.

அப்பம் வந்தது. வெள்ளையாய், காகிதம்போல. உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டேன், மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, நாக்கால் பிய்த்துப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் அவளும் நாக்கால் பிய்க்கிறாள், சப்சப் என்று கேட்கிறது. சிறிசில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்போம், அவள் தூக்கம் வராமல் என் கன்னத்தில் முத்தம் வைப்பாள், சளி மூக்கோடு, ஈரமாக, ஐயே எச்சி என்று நான் கவுன் கையால் துடைப்பேன், துடைத்த இடத்திலேயே மறுபடி வைப்பாள், மறுபடி துடைப்பேன், அம்மா வந்து இரண்டு பேரையும் ஒரு அடி போடுகிற வரைக்கும். ஐயர் பாத்திரத்தோடு அந்த ஓரத்தில் தொடங்கிவிட்டார். துடைக்கிறார், திருப்புகிறார். இயேசுவோடு கடைசி இராப்போஜனத்தில் சீடர்கள் எப்படிக் குடித்தார்கள்? அந்த மேல்வீட்டில் துணி வைத்துக்கொண்டு யார் துடைத்திருப்பார்கள்? பன்னிரண்டு பேர், பாதிப் பேர் மீன்காரர்கள், கையெல்லாம் செதில், எத்தனை சொத்தைப்பல் இருந்திருக்கும், எத்தனை ஈறு வீங்கியிருந்திருக்கும். பாத்திரம் சுற்றி வருகிறது. யூதாஸ் வாயிலும் வைக்கிறான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தே, அப்பத்தைத் தோய்த்து அவர் கையாலேயே கொடுக்கிறார், ஊட்டுகிற மாதிரி. அவன் எழும்பிப் போகிறான். அதே வாயோடுதான் தோட்டத்துக்கு வந்து, அவரைக் காட்டிக்கொடுக்க, கன்னத்தில் முத்தம் வைத்தான். அந்த ரசம் இன்னும் உதட்டில் காய்ந்திருக்காது. கன்னத்தில் ஈரம் பட்டிருக்குமே. துடைத்துக்கொண்டாரா?

இத்தனை வருஷத்தில் எந்தப் பிரசங்கத்திலும் இதை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. துடைத்தாரா? நானாக இருந்தால் துடைத்திருப்பேன், தோல் உரிகிற வரைக்கும் தேய்த்திருப்பேன். அவருக்கு அருவருப்பு என்று ஒன்று இருந்திருக்காதா, உடம்பு என்று எடுத்தால் அதுவும் சேர்த்துத்தானே வரும். ஆனால் உடனே பிடித்துக் கட்டிவிட்டார்களே. கையைக் கட்டிவிட்டார்கள். துடைத்திருக்க முடியாது. அதற்கப்புறம் முகத்தில் துப்பினார்கள், ஒருத்தன் இல்லை, நிறையப் பேர், மாறி மாறி. அதையும் துடைத்திருக்க முடியாது. என் முகத்தில் ஒரு தடவை ஒரு ஆள் இருமித் தெறித்துவிட்டான், ஒரு கையில் குழாய், ஒரு கையில் தட்டு, டாக்டரம்மா வேரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார், நகர முடியாது. அப்படியே நின்றேன். எச்சில் முதலில் சூடாக இருக்கும், பிறகு ஜில்லென்று ஆகும், பிறகு காயும். காய்ந்தால் தோலை இழுக்கும். சுருக்கென்று, சிரித்தால் வெடிக்கிற மாதிரி. அந்த இழுப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. வானத்தை விரித்தவருடைய கன்னத்தில் யாரோ ஒருவனுடைய எச்சில் காய்ந்து தோலை இழுத்திருக்கிறது, விடியும்வரை இழுத்திருக்கிறது. அவர் சும்மா இருந்திருக்கிறார். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. கிராதியின் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். இது என்ன, எங்கேயிருந்து வருகிறது இது, என்று நினைக்கும்போதே ஐயருடைய அங்கி என் தங்கச்சிக்கு முன்னால் வந்து நின்றது.

அவள் குடித்தாள். வித்தை கித்தை எதுவும் இல்லாமல் பச்சைப்பிள்ளை பால் குடிக்கிற மாதிரி ஒரு மடக்கு இழுத்தாள், சத்தம் கேட்டது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் விலகும்போது அது இல்லை. உள்ளே விழுந்ததா, விளிம்பில் பட்டதா, துணியோடு போனதா, தெரியாது. ஐயர் துடைத்தார், திருப்பினார், பாத்திரம் என் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே ரசம் கருஞ்சிவப்பாக ஆடியது, அப்பத் துணுக்கு ஒன்று மிதந்தது, யாருடைய வாயிலிருந்தோ. என் மேலுதடு பழக்கத்தில் தானாக இறங்கி விளிம்பை மூடிவிட்டது. ஐயர் சாய்த்தார். ரசம் வந்து உதட்டில் முட்டி நின்றது. அவருக்குக் கையைக் கட்டியிருந்தார்கள், எனக்கு யாரும் கட்டவில்லை, நான்தான் இந்த உதட்டைக் கட்டி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். நிறையவே வந்துவிட்டது. சர்க்கரை, கிராம்பு, வெள்ளியின் உலோக வாடை, எல்லாவற்றுக்கும் மேலே விக்ஸ். விழுங்கினேன். வயிறு உடனே மேலே எழும்பி வந்தது, பல்லைக் கடித்து மறுபடி விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயர் நான் உருகி அழுகிறேன் என்று நினைத்திருப்பார், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பக்தியில்லை ஐயா, வாந்தி.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். முந்தானை உதட்டுக்குப் போனது, பாதியில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அந்த ஆச்சரியம் போயிருக்கும், பெஞ்சுக்கு வந்ததும் போய்விடும், எப்போதும் அப்படித்தானே என்று உள்ளே தொட்டுப் பார்த்தேன். குமட்டல் இருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது, கறி அடிப்பிடித்திருக்கும். நைட்டிக்காரி இப்போது வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது, எச்சில் காய்ந்த அந்தக் கன்னமும் இருந்தது. மீன் சாப்பிட்டுத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டால் என்ன பேசினாலும் என்ன செய்தாலும் எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்துமே, அந்த மாதிரி. கறி, முள். வளையல், முள். கடைசிப் பந்தி முடிந்து கொயர் பாட ஆரம்பித்தது. இந்த நேரத்தில் நான் எப்போதும் குனிந்து செருப்பைத் தேடுவேன், அல்லது போன் பார்ப்பேன். இன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே இருந்ததால் பீடத்தைப் பார்த்தேன். ஐயர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சின்ன வயதுக்காரர், எனக்கு அவரைப் பிடிக்காது, பிரசங்கத்தில் இங்கிலீஷ் சிரிப்புக்கதை சொல்வார், கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைவிட அவர்தான் போட்டோவில் அதிகம் இருப்பார். அவர் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினார், அண்ணாந்தார். மிச்சம் இருந்ததையெல்லாம் குடித்தார். அந்த அடிமண்டி, மிலிட்டரிக்காரர் ஈறு, தலைமையாசிரியை பல், புதுமாப்பிள்ளை பாக்கு, கெத்சியா மூக்கு, என் வாய், அத்தனை பேர் வாயும் கலந்து அடியில் தங்கியது. பிறகு தண்ணீர் ஊற்றினார், சுழற்றினார். கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதையும் குடித்தார். தோள் இரண்டும் ஒரு தடவை குலுங்கி ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கம் எனக்குத் தெரியும், வயிறு மேலே வரும்போது அடக்குகிறவனுடைய தோள் அது. மாதா மாதம் இது நடந்திருக்கிறது, நான் இங்கே இருந்துகொண்டு செருப்புத் தேடியிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து ஐயர் பக்கவாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைகிற வரைக்கும் நின்றேன். "ஐயா, மிச்சத்த நீங்கதான் குடிக்கீயளா, எப்பவும்?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு "ஆமாக்கா, கீழ ஊத்த முடியாதுல்லா" என்றார். "அருவருப்பா இருக்காதா?" அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருக்கும்க்கா. வந்த புதுசுல பின்னால போய் வாந்தி எடுத்திருக்கேன். வெளிய சொல்லிராதீய" என்றார். "இப்ப பழகிட்டா?" என்றேன். "பழகல" என்றார், சிரிக்காமல். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார், அதற்குள் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், முகத்தை மாற்றிக்கொண்டு போய் நின்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாய்க்குள் என்ன இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வெளியே தூறல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி நிறுத்துகிற இடத்தில் ஹாரன் சத்தம், ஒருவர் காரை ஒருவர் மறித்துக்கொண்டு, இப்போதுதான் சமாதானம் உண்டாவதாக என்று கைகொடுத்தவர்கள் கண்ணாடியை இறக்கித் திட்டிக்கொண்டிருந்தார்கள். வாழை இலையில் சுற்றிய பஜார் பிரியாணி வாசனையும் சாக்கடை வாசனையும் சேர்ந்து வந்தது. வேப்பமரத்துக்கு அடியில் கெத்சியா ஸ்கூட்டர் சீட்டிலிருந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள், ரவிக்கை தோளில் தொளதொள என்று கிடந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முகம் கோணிக்கொண்டு வந்தது, கண்ணிலும் மூக்கிலும் ஒரேயடியாக ஒழுக ஆரம்பித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. எத்தனையோ பேச்சு நான் யோசித்து வைத்திருந்தேன், குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவளிடம் சொல்வதாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய பேச்சு, நறுக்கு நறுக்காக. "மூக்கச் சிந்துட்டி மொதல்ல" என்றேன். என் கைக்குட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிந்து சிந்தினாள், மறுபடி ஒன்று. "அக்கா" என்றாள் அதற்குள்ளிருந்து. "சொல்லு" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். என் போன் அதிர்ந்தது. எடுத்து, "ஆறு விசில்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளே தொட்டுப் பார்த்தேன், இந்த வெயிலிலும் ஹாரன் சத்தத்திலும் அந்த முள் அங்கேயே இருந்தது, குத்திக்கொண்டு. அவள் கைக்குட்டையை நாலாக மடித்து, சொதசொதவென்று, என்னிடம் திருப்பி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.